எட்டு என்ற விடை

கோட்பாட்டு இயற்பியலில் பெயர் வாங்கிய பேராசிரியர் ஒருவர், நாற்பது வயது ஆவதற்குள், சமன்பாடுகளை ஓரங்கட்டிவிட்டுத் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளிடம் காந்தத்தை எடுத்துக்கொண்டு போனால் சக பேராசிரியர்கள் என்ன நினைப்பார்கள்? நம்மூரில் டீ குடிக்கும் நேரத்திலேயே தீர்ப்பு வந்துவிடும்: 'ஆளுக்குச் சரக்கு தீர்ந்துபோச்சு.' அறிவியல் கல்வி, கணிதக் கல்வி என்ற துறைகளின் மேல் பல்கலைக்கழகங்களுக்கு இருக்கும் இளக்காரம் ஏறக்குறைய உலகப் பொதுவானது. இயற்பியல் துறைக்காரர் அது கல்வியியல் துறையின் வேலை என்பார். கல்வியியல் துறைக்காரர் அதற்கு இயற்பியல் தெரிந்த ஆள் வேண்டுமே என்பார். இரண்டு வீட்டுக்கும் நடுவே உள்ள சந்து மாதிரி, யார் பெயரிலும் பட்டா இல்லை. அந்தச் சந்துக்கு விரும்பிப் போனவர்களில் ஒருவர் ராபர்ட் கார்ப்ளஸ்.

வியன்னாவில் 1927-இல் யூதக் குடும்பமொன்றில் பிறந்தவர். 1938 மார்ச்சில் ஹிட்லரின் படை ஆஸ்திரியாவுக்குள் நுழைந்தபோது அவருக்குப் பதினொரு வயது. தாய் இரண்டு மகன்களையும் அழைத்துக்கொண்டு சுவிட்சர்லாந்துக்குத் தப்பினார். தந்தை சிறையில் இருந்தார். அந்த ஆண்டு முடிவதற்குள் குடும்பம் அமெரிக்கா போய்ச் சேர்ந்துவிட்டது. பத்தாண்டு கழித்து, இருபத்தொரு வயதில், ஹார்வர்டில் டாக்டர் பட்டம். தம்பி மார்ட்டின் கார்ப்ளஸை வேதியியல்காரர்களுக்குத் தெரிந்திருக்கும். 2013-ஆம் ஆண்டின் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர். அண்ணனும் அந்தப் பாதையில்தான் போய்க்கொண்டிருந்தார்.

அவர் அப்போது செய்த கணக்கை இங்கே கொஞ்சம் விரித்தே சொல்ல வேண்டும். எலக்ட்ரான் ஒரு நுண்ணிய காந்தம். அதன் வலிமை, உரிய அலகில், சரியாக 1 இருக்க வேண்டும் என்றது டிராக்கின் சமன்பாடு. சோதனையில் அதைவிட இம்மியளவு கூடுதலாக வந்தது. ஏன் கூடுகிறது என்பதற்கு ஜூலியன் ஷ்விங்கர் 1948-இல் முதல் திருத்தத்தைக் கணக்கிட்டுக் காட்டினார்: சுமார் 0.00116. அடுத்த திருத்தம் அதைவிட மிகச் சிறியது, ஆனால் கணக்கோ பல மடங்கு பெரியது. பிரின்ஸ்டன் உயர் ஆய்வு நிறுவனத்தில் இருந்த இளைஞர் கார்ப்ளஸும் கொலம்பியாவைச் சேர்ந்த நார்மன் கிரோலும் அதில் இறங்கினார்கள். கணிப்பொறியின் துணை கிடையாது. எல்லாம் காகிதமும் பென்சிலும். 1950-இல் 'ஃபிசிக்கல் ரிவியூ' இதழில் விடை வெளியானது: 1.0011454. இரண்டு ஆண்டு கழித்துக் கொலம்பியாவில் அளந்து பார்த்த எண்ணும் கிட்டத்தட்ட அதுவே. கோட்பாடும் சோதனையும் ஒத்துப்போய்விட்டன. வேறென்ன வேண்டும்?

விடை தவறு. 1956-இல் வேறொரு குழு அளந்தபோது எண் இடித்தது. அதன் பிறகே பழைய கணக்கைத் தோண்டினார்கள். சுவிட்சர்லாந்துக்காரர் பீட்டர்மானும், ஷ்விங்கரின் மாணவர் சாமர்ஃபீல்டும் 1957-இல் தனித்தனியே கணக்கிட்டு ஒரே முடிவுக்கு வந்தார்கள்: 1.0011596. ஐந்தாவது தசம இடத்தில் வித்தியாசம். ஏழு ஆண்டுகள் அந்தப் பிழை பத்திரமாக இருந்ததற்குக் காரணம், சோதனையும் அதையே ஆமோதித்ததுதான். எதிர்பார்த்த விடை வந்துவிட்டால் எப்படி வந்தது என்று யாரும் கேட்பதில்லை. கார்ப்ளஸ், கிரோல் இருவருக்கும் இது இழுக்கு இல்லை. அவர்கள் போட்ட பாதையில்தான் பின்னால் வந்தவர்கள் நடந்தார்கள். இந்தப் பிழைக்கும் அவர் பள்ளிக்கூடம் போனதற்கும் முடிச்சுப் போட நான் தயாராக இல்லை. வாழ்க்கை வரலாறு எழுதுகிறவர்களுக்கு அந்த ஆசை வரலாம். ஆனால், தவறான விடையும் நேர்மையான உழைப்பிலிருந்து வரும் என்பதைத் தன் தொழிலிலேயே கண்டவர் அவர்.

1954-இல் பெர்க்லிக்கு வந்தார். ஏழு பிள்ளைகளின் தகப்பன். ஐம்பதுகளின் இறுதியில், இரண்டாம் வகுப்பு படித்த மகளின் அழைப்பில் அவளுடைய வகுப்புக்குப் போய் மின்சாரம் பற்றிப் பாடம் நடத்தினார் என்பது அவரைப் பற்றி வழக்கமாகச் சொல்லப்படும் கதை. அது 'ஸ்புட்னிக்' காலம். 1957 அக்டோபரில் சோவியத் ஒன்றியம் துணைக்கோளை ஏவியதும் அமெரிக்கா தன் பள்ளிகளைத் திரும்பிப் பார்த்தது. அறிவியல் பாடத்திட்டத்துக்கு அரசுப் பணம் கொட்டியது. எம்.ஐ.டி.யில் ஜெரால்ட் சக்கரையாஸ் உயர்நிலைப் பள்ளி இயற்பியலைத் திருத்தி எழுதும் வேலையை அதற்கு முன்பே தொடங்கியிருந்தார். பெரிய விஞ்ஞானிகள் பாடநூல் எழுதினால் பிள்ளைகள் விஞ்ஞானம் கற்றுவிடுவார்கள் என்பது அன்றைய நம்பிக்கை.

கார்ப்ளஸும் அப்படித்தான் தொடங்கினார். விசை பற்றியும் ஆயத்தொலைவுகள் பற்றியும் தொடக்கப்பள்ளிக்குப் பாடம் எழுதி, தானே வகுப்பில் நின்று நடத்தினார். பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். ஆனால் அவர்கள் எடுத்துக்கொண்டது அவர் கொடுத்ததை அல்ல. சிறு வயதிலிருந்து உலகத்தோடு புழங்கித் தாங்களாகவே கட்டிவைத்த விளக்கங்கள் அவர்களிடம் ஏற்கெனவே இருந்தன. புதுப் பாடம் அந்த விளக்கங்களுக்குள் போய் உருமாறிவிட்டது. பாடம் எழுதத் தெரிந்தவர்களுக்கு இங்கே இரண்டு வழி உண்டு. ஒன்று, பிள்ளைகளைக் குறைசொல்வது. மற்றது, பாடத்தை இன்னும் எளிமையாக்குகிறேன் என்று நீர்க்கச் செய்வது. அவர் இரண்டையும் செய்யாமல், ஜெனீவாவில் உளவியலாளர் ழான் பியாஜே குழந்தைகளிடம் பேசிப் பேசி எழுதிவைத்திருந்ததைப் படிக்க உட்கார்ந்தார்.

அதிலிருந்து வந்ததுதான் குட்டையார், நெட்டையார் கணக்கு. ரீட்டா பீட்டர்சனோடு சேர்ந்து 1970-இல் அவர் வெளியிட்ட அந்தச் சோதனையில் தாளில் ஒரு குச்சி மனிதன், அவர்தான் குட்டையார். பெரிய பட்டன்களை வரிசையாக அடுக்கி அளந்தால் அவர் உயரம் 4 பட்டன். நெட்டையார் என்று இன்னொருவர் இருக்கிறார். அவருடைய படம் பிள்ளைகளுக்குக் காட்டப்படாது. அதே பட்டனால் அளந்தால் அவர் 6 பட்டன் என்று மட்டும் சொல்லப்படும். பிள்ளைகள் கையில் காகிதக் கிளிப்புகளைக் கோத்த சங்கிலி. குட்டையாரை அளக்கிறார்கள்: 6 கிளிப். இப்போது கேள்வி: நெட்டையார் எத்தனை கிளிப்? எப்படிக் கண்டுபிடித்தாய் என்று எழுது.

சரியான விடை 9. ஏராளமான பிள்ளைகள் எழுதியது 8.

எங்கள் குடியிருப்பில் ஆறாம் வகுப்புப் படிக்கும் ஒரு பெண்ணிடம் இதைக் கேட்டுப் பார்த்தேன். யோசிக்கவே இல்லை. "எட்டு, அங்கிள். ரெண்டு பட்டன் ஜாஸ்தின்னா ரெண்டு கிளிப்பும் ஜாஸ்தி." குரலில் துளி சந்தேகம் கிடையாது. சரியா தப்பா என்று சொல்லாமல், "குட்டையார்ல பாதி உயரத்துல ஒரு குழந்தை. அது எத்தனை பட்டன்?" என்றேன். இரண்டு. "எத்தனை கிளிப்?" மூன்று என்று சொல்லிவிட்டு நின்றாள். இரண்டு பட்டன் குறைந்திருக்கிறது. கிளிப்போ ஆறிலிருந்து மூன்றாகிவிட்டது. "இருங்க, அப்ப நான் சொன்னது..." என்று விரலால் தரையில் கோடு இழுத்துக்கொண்டிருந்தபோது அவள் அம்மா சாப்பிடக் கூப்பிட்டார். போய்விட்டாள். நான் விடை சொல்லவில்லை.

எட்டு முட்டாள்தனமான விடையா? அதே எண்களை வைத்து வேறொரு கேள்வி கேட்டுப் பார்க்கலாம். தம்பிக்கு வயது 4, அக்காவுக்கு 6. தம்பிக்கு 6 ஆகும்போது அக்காவுக்கு எத்தனை? எட்டு! இங்கே ஒன்பது என்று சொன்னால்தான் சிரிப்பார்கள். ஆக, கூட்டிச் சொன்ன குழந்தையிடம் நல்ல கருவி ஒன்று இருக்கிறது. அது வேலை செய்யும் இடங்களும் உண்டு. இந்த இடம் அதற்கு உரியதல்ல என்பதுதான் அதற்கு இன்னும் தெரியவில்லை. விடைத்தாளில் சிவப்பு மையால் ஒரு பெருக்கல் குறி போடுகிறவருக்கு இந்த விஷயமே கண்ணில் படாது. ஒன்பது எழுதிய குழந்தை குருட்டாம்போக்கில் எழுதியிருந்தாலும் அவருக்குத் தெரியாது. 'எப்படிக் கண்டுபிடித்தாய்' என்ற ஒரு வரிதான் இந்த ஆய்வின் உயிர். எலக்ட்ரான் கணக்கில் ஏழு ஆண்டுகள் யாரும் கேட்காமல் விட்ட கேள்வியும் அதுவே.

இந்த ஆய்வில் பெரிய துணை கார்ப்ளஸின் மனைவி எலிசபெத். இருவரும் சேர்ந்து எழுதிய கட்டுரைகள் பல. 1977-இல் அமெரிக்கா, பிரிட்டன், டென்மார்க், ஸ்வீடன், இத்தாலி, ஜெர்மனி, ஆஸ்திரியா என ஏழு நாடுகளில் நடத்திய, விகிதச் சிந்தனை பற்றிய ஆய்வை வெளியிட்டார்கள். பதினொரு வயதில் தப்பியோடிய நாட்டில், பிள்ளைகள் எப்படி யோசிக்கிறார்கள் என்று கேட்ட மனிதர்! எல்லா நாடுகளிலும், பதின்மூன்று பதினான்கு வயதிலும், கூட்டிச் சொல்கிறவர்கள் இருந்தார்கள். எண்பதுகளின் தொடக்கத்தில் எலுமிச்சைச் சாற்றுக்குச் சர்க்கரை கலக்கும் கணக்குகளைக் கொடுத்துப் பார்த்தபோது இன்னொன்று தெரிந்தது. எண்கள் ஒன்றுக்கொன்று முழுதாக வகுபட்டால் விகிதத்தில் யோசிக்கும் அதே பிள்ளை, வகுபடாவிட்டால் கூட்டலுக்கு ஓடிவிடுகிறது. பின்னத்தைத் தவிர்க்க மனம் எடுக்கும் குறுக்குவழி. பியாஜே சொன்ன வளர்ச்சிப் படிநிலைகளைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தால் இது கார்ப்ளஸுக்குத் தெரிந்திருக்காது. ஒரே பிள்ளை காலையில் ஒரு படியிலும் மாலையில் வேறொரு படியிலும் நிற்கலாம்.

பள்ளிகளுக்காக அவர் ஹெர்பர்ட் தியரோடு சேர்ந்து நடத்திய அறிவியல் பாடத்திட்டம் அறுபதுகளில் தொடங்கியது. சுருக்கப் பெயர் 'சிஸ்'. அதன் அடிப்படை, மைரன் ஆட்கினோடு அவர் 1962-இல் எழுதிய கட்டுரையில் இருக்கிறது. குழந்தைகள் எல்லாவற்றையும் தாங்களே கண்டுபிடிக்கட்டும் என்ற கட்சியும், எல்லாவற்றையும் ஆசிரியர் சொல்லிவிட வேண்டும் என்ற கட்சியும் அன்றும் இருந்தன, இன்றும் இருக்கின்றன. கார்ப்ளஸ் இரண்டிலும் சேரவில்லை. காந்தத்தையும் இரும்புத் தூளையும் கொடுத்து ஒரு மாதம் விட்டாலும் எந்தக் குழந்தையும் 'காந்தப் புலம்' என்ற கருத்தைத் தானாக உண்டாக்காது. மனித குலத்துக்கே அதற்கு ஃபாரடே வரை ஆயிற்று. ஆகவே முதலில் குழந்தை பொருளோடு இஷ்டப்படி புழங்கட்டும். போதுமான அனுபவம் சேர்ந்ததும் ஆசிரியர் கருத்தை அறிமுகம் செய்யட்டும். பிறகு அந்தக் கருத்து வேறெங்கெல்லாம் செல்லுபடியாகிறது என்று குழந்தையே தேடிக் காணட்டும். கற்றல் சுழற்சி என்று பின்னால் பெயர் பெற்றது இந்த மூன்று படிகள்தான்.

அந்தத் திட்டத்தின் பொருள்களில் எனக்குப் பிடித்தது 'மிஸ்டர் ஓ'. ஒரு சின்ன உருவம். அதற்கு முன், பின், இடம், வலம் உண்டு. உலகத்தில் எதுவானாலும் தன்னை வைத்துத்தான் சொல்லும். மேசைமேல் அதை நிறுத்திவிட்டு, பந்து எங்கே இருக்கிறது என்று கேட்டால் குழந்தை 'எனக்கு இடப்பக்கம்' என்று சொல்லக் கூடாது. மிஸ்டர் ஓ-வுக்கு எந்தப் பக்கம் என்று சொல்ல வேண்டும். எதிரும் புதிருமாக இரண்டு மிஸ்டர் ஓ-க்களை நிறுத்தினால் ஒரே பந்து ஒருவருக்கு இடம், மற்றவருக்கு வலம். மிஸ்டர் ஓ-வை நகரும் வண்டியில் ஏற்றிவிட்டால் அவரைப் பொறுத்தவரை வண்டி நிற்கிறது, மேசைதான் ஓடுகிறது. ஒன்பது வயதுப் பிள்ளைகள் விளையாட்டாகக் கற்றுக்கொண்டது சார்பியலின் அடித்தளத்தை. கல்வியியல் மட்டும் படித்த ஒருவருக்கு இது தோன்றியிருக்காது. தொடக்கப்பள்ளிக்கு எந்தக் கருத்தைக் கொண்டுபோவது, எதை விடுவது என்று தெரிய, அந்தத் துறையின் மேல்மாடி வரை ஏறிப் பார்த்திருக்க வேண்டும். இதை வலியுறுத்தித்தான் கார்ப்ளஸைப் பற்றி எழுதவே உட்கார்ந்தேன்.

பெர்க்லியில் அவர் தனியாக இல்லை. எம்.எஸ்ஸி. இயற்பியல் படித்தவர்களுக்கு ஃபிரெடெரிக் ரைஃப் என்ற பெயர் தெரியும். 1965-இல் வந்த அவருடைய புள்ளியியல் வெப்ப இயற்பியல் நூல் நம்மூர் விடுதி அறைகளிலும் கிடந்த புத்தகம். அவரும் வியன்னாவில், அதே 1927-இல் பிறந்தவர். 1939-இல் தொள்ளாயிரத்துக்கும் மேற்பட்ட அகதிகளோடு கியூபா வரை போய், இறங்க அனுமதி கிடைக்காமல் ஐரோப்பாவுக்கே திருப்பி அனுப்பப்பட்ட 'செயின்ட் லூயிஸ்' கப்பலில் இருந்த சிறுவர்களில் ஒருவர். இந்த இருவரும் பிறரும் சேர்ந்து அறுபதுகளின் இறுதியில் பெர்க்லியில் அறிவியல், கணிதக் கல்விக்கென்றே ஒரு டாக்டர் பட்டத் திட்டத்தை உண்டாக்கினார்கள். 'செசமி' என்று பெயர். துறையின் பாடத்தையும் முதுகலை அளவுக்குப் படிக்க வேண்டும், மனிதர்கள் எப்படிக் கற்கிறார்கள் என்பதையும் ஆராய வேண்டும்.

சியாட்டிலில் லில்லியன் மெக்டெர்மட் இன்னும் ஒரு படி மேலே போனார். அணுக்கரு இயற்பியலில் பட்டம் பெற்ற அவர், வாஷிங்டன் பல்கலைக்கழக இயற்பியல் துறைக்குள்ளேயே கல்வி ஆய்வுக் குழுவை நிறுவி, அதற்கு இயற்பியலிலேயே டாக்டர் பட்டம் தரவைத்தார். அவருடைய குழு கேட்ட கேள்வி ஒன்று பெயர் பெற்றது. ஒரே மாதிரியான ஐந்து பல்புகள், ஒரே மாதிரியான மூன்று பேட்டரிகள். ஒன்றில் ஒரு பல்பு, ஒன்றில் இரண்டு தொடராக, ஒன்றில் இரண்டு பக்க இணைப்பாக. ஒளியின் அளவுப்படி வரிசைப்படுத்து. பல்கலைக்கழக இயற்பியல் வகுப்பில் சரியாகச் சொன்னவர்கள் சுமார் 15 விழுக்காடு. பாடம் நடத்துவதற்கு முன்னும் பின்னும் ஏறக்குறைய அதே அளவு. இந்த எண்ணைப் பார்த்தபின் எந்தப் பேராசிரியருக்கும் தன் விரிவுரை மேல் பழைய நம்பிக்கை இருக்க நியாயமில்லை.

'சிஸ்' திட்டம் என்ன ஆனது என்று கேட்பீர்கள். அதன் பெட்டிகளில் பொருள்கள் வந்தன. மீன், நீர்ப்பூச்சி, பாசி போன்ற உயிருள்ளவை தனியாக அனுப்பிவைக்கப்பட்டன. மீனை வளர்ப்பது, தண்ணீர் சிந்தினால் துடைப்பது, தீர்ந்த பொருளை மறுபடி வாங்குவது எல்லாம் ஆசிரியர் தலையில். பல பள்ளிகளில் பெட்டிகள் அலமாரிக்குப் போயின. 1975-இல் ஒரு சமூக அறிவியல் பாடத்திட்டத்தைப் பற்றி அமெரிக்க நாடாளுமன்றத்தில் எழுந்த சர்ச்சையில் பாடத்திட்டங்களுக்கான அரசுப் பணமும் வற்றியது. கார்ப்ளஸ் கல்லூரி ஆசிரியர்கள் பக்கம் திரும்பினார். அமெரிக்க இயற்பியல் ஆசிரியர் சங்கத்தின் தலைவரானார், அதன் ஓர்ஸ்டெட் பதக்கத்தையும் பெற்றார். 1982-இல், சியாட்டிலில் ஓட்டப்பயிற்சியில் இருந்தபோது இதயம் நின்றுபோனது. உயிர் பிழைத்தார், ஆனால் பணிக்குத் திரும்ப முடியவில்லை. 1990-இல் இறந்தார்.

அவரைப் பற்றி 2002-இல் ராபர்ட் ஃபுல்லர் தொகுத்த நூலின் துணைத் தலைப்பு அறிவியல் கல்வியை அவருடைய இரண்டாம் பணிவாழ்வு என்கிறது. எனக்கு அதில் உடன்பாடில்லை. ஒரே மனிதர், ஒரே வேலை: கிடைத்த விடைக்குப் பின்னால் இருக்கும் வழியை ஆராய்வது. முதலில் எலக்ட்ரானிடம், பிறகு பிள்ளைகளிடம்.

கற்றல் சுழற்சியின் மூன்று படிகளை எண்பதுகளின் பிற்பகுதியில் ராட்ஜர் பைபீயும் அவர் குழுவினரும் ஐந்தாக விரித்தார்கள். நம் பி.எட். மாணவர்கள் பாடத்திட்டக் குறிப்பேட்டில் ஐந்து கட்டம் போட்டு, அடிக்கோல் வைத்துச் சிவப்பு மையில் தலைப்பிட்டு எழுதும் '5ஈ' மாதிரி அதுதான். ஈடுபடுத்தல், ஆராய்தல், விளக்கல், விரிவாக்கல், மதிப்பிடல். கட்டங்களை நிரப்பிக் கையெழுத்து வாங்குவதோடு வேலை முடிகிறது. பெரும்பாலும் இரண்டாவது கட்டத்தில் குழந்தை என்ன சொல்லும் என்பதையும் ஆசிரியரே முன்கூட்டி எழுதிவிடுகிறார்! குழந்தை எட்டு என்று சொல்வதற்கு அந்தக் குறிப்பேட்டில் இடமில்லை.

மும்பையில் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் இயற்பியலாளர்கள் முன்கை எடுத்து 1974-இல் ஹோமி பாபா அறிவியல் கல்வி மையத்தை உண்டாக்கினார்கள்; இன்று அங்கே அறிவியல் கல்வியில் டாக்டர் பட்டம் பெறலாம். ஆனால், தமிழில் படிக்கும் பிள்ளைகள் விகிதத்தையும் மின்சுற்றையும் எப்படிப் புரிந்துகொள்கிறார்கள் என்பதை மும்பையிலிருந்து யாரும் வந்து சொல்ல முடியாது. அதைக் கேட்கத் தமிழ் தெரிந்த, இயற்பியலிலும் கணிதத்திலும் கரை கண்ட ஆள் வேண்டும். நம் பல்கலைக்கழக இயற்பியல், கணிதத் துறைகள் தங்கள் ஆய்வு மாணவர்களில் ஒருவரையாவது இந்த வேலைக்கு விட வேண்டும். கல்வியியல் துறைக்குத் தள்ளிவிடாமல், தங்கள் துறையின் பட்டத்தையே அவருக்குத் தர வேண்டும்.